கூலி கைக்கு வரும் வரையில்

ஒரு மாதம் முழுவதும் ஆலையிலோ ஜவுளிக்கடையிலோ அச்சுக்கூடத்திலோ உழைத்துவிட்டு, மாதக் கடைசி நாளன்று மாலை வீடு திரும்புகிற ஒருவருக்குச் சம்பளத் தேதி வருவதற்கு இன்னும் நாலைந்து நாள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இடைநாட்களில் முதலாளியின் பெட்டியில் இருக்கும் அந்தப் பணம் யாருடையது? முதலாளியினுடையதுதான், அவர் எடுத்துக் கொடுத்த பிறகே தொழிலாளியுடையது ஆகிறது என்றே நம்மில் பெரும்பாலோர் நினைக்கிறோம். ‘நான் பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுக்கிறேன்’ என்று ஒருவர் சொல்லும்போது, அந்தக் ‘கொடுக்கிறேன்’ என்ற சொல்லில் தர்மம் செய்கிறவரின் தொனி கொஞ்சம் கலந்திருப்பதை யாரும் குறையாக எடுத்துக்கொள்வதுமில்லை. ஆனால் சட்டத்தின் பார்வை இதற்கு நேர்மாறானது. வேலை முடிந்த கணத்திலேயே அந்தப் பணத்தில் தொழிலாளிக்குப் பாத்தியதை ஏற்பட்டுவிடுகிறது. சம்பள நாள் வரையில் முதலாளி அதை அடைக்கலப் பொருள்போல் வைத்திருக்கிறார், அவ்வளவே. எந்த நாளில் கொடுக்க வேண்டும், எந்த உருவத்தில் கொடுக்க வேண்டும், எதையெல்லாம் பிடித்துக்கொள்ளலாம், கொடுத்ததற்கு என்ன கணக்குக் காட்ட வேண்டும் என்று அடுக்கடுக்காக வரும் கடமைகள் அத்தனையும் இந்த ஒரு கருத்திலிருந்து கிளைத்தவையே.

இந்தக் கருத்து ஒரே நாளில் பிறந்துவிடவில்லை. இயந்திரத் தொழில் முதலில் தலையெடுத்த இங்கிலாந்திலேயே, சம்பளத்தைக் காசாகத் தராமல், முதலாளியே நடத்தும் கடையில் மட்டும் செல்லுபடியாகும் சீட்டாகக் கொடுத்து, அந்தக் கடையில் மட்டமான சரக்கை உயர்ந்த விலைக்கு வாங்கும்படி நிர்ப்பந்திக்கும் வழக்கம் வெகுகாலம் வேரூன்றியிருந்தது; கூலி நாட்டு நாணயத்திலேயே தரப்பட வேண்டும் என்று 1831-இல் ஒரு சட்டம் இயற்றித்தான் அதைக் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது. நம் நாட்டு ஆலைகளிலும் தோட்டங்களிலும் நடந்தவை வேறு தினுசு. தோட்டங்களில் கங்காணி கொடுத்த முன்பணம் வளர்ந்துகொண்டே போக, கூலி அதற்குள்ளேயே கரைந்துபோகும். பம்பாய்ப் பஞ்சாலைகளில் நெசவில் பழுதான துணியை நெசவாளியின் தலையிலேயே கட்டி, அதன் விலையைச் சம்பளத்தில் கழித்துக்கொள்வார்கள். ஒரு நாள் வராதவனுக்கு இரண்டு நாள் கூலியை வெட்டுவதும் உண்டு. 1908-இல் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வ. உ. சிதம்பரம் பிள்ளையின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு வாராந்தர விடுமுறையையும் கேட்டுப் போராட வேண்டியிருந்தது என்றால், அன்றைய ஆலை வாழ்க்கை எப்படியிருந்தது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இந்தத் தொழிலாளர் நிலைமையை ஆராய 1929-இல் விட்லி என்பவரைத் தலைவராகக் கொண்டு அரச கமிஷன் ஒன்று நியமிக்கப்பட்டது. பிரிட்டிஷ் மக்கள் சபையின் சபாநாயகராக இருந்தவர் அவர்; நம்மவரான வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரியும், தொழிற்சங்கத் தலைவர் என். எம். ஜோஷியும் அங்கத்தினர்களாக இருந்தார்கள். 1931-இல் அந்தக் கமிஷன் வெளியிட்ட அறிக்கையில், சம்பளத்தைத் தாமதப்படுத்துவதையும் மனம்போனபடி அபராதம் விதிப்பதையும் சட்டத்தினால் தடுக்க வேண்டும் என்ற சிபாரிசு இடம்பெற்றது. அதன் பலனாக வந்ததுதான் 1936-ஆம் வருஷத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம். 1937 மார்ச் 28 முதல் அது அமலுக்கு வந்தது. மாதம் 200 ரூபாய்க்கு உட்பட்ட சம்பளக்காரர்களுக்கு மட்டுமே அன்று அது பொருந்தியது. அபராதம் ரூபாய்க்கு அரையணாவுக்கு மேல் போகக்கூடாது என்று அதில் ஒரு விதி. அந்த அரையணாதான் பிற்காலத்தில் மூன்று சதவீதமாக மாறி இன்றும் சட்டத்தில் வாழ்கிறது.

சுதந்திரத்திற்குப் பின் 1948-இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும், 1965-இல் போனஸ் சட்டமும், 1976-இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியச் சட்டமும் வந்தன. இந்த நான்கையும் ஒன்றாகச் சேர்த்து 2019-இல் பார்லிமெண்டு நிறைவேற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பு, ஆறு வருஷம் ஏட்டிலேயே கிடந்துவிட்டு, 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. பழைய பட்டுவாடாச் சட்டத்தில் கடைசியாக இருந்த மாதம் 24,000 ரூபாய் என்ற வரம்பு இதில் நீங்கிவிட்டது. கூட்டிப் பெருக்குகிறவரானாலும் கணிப்பொறி நிபுணரானாலும், சம்பளம் உரிய காலத்தில் கிடைக்க வேண்டும் என்ற விதி எல்லாருக்கும் பொது.

உரிய காலம் என்பது என்ன? தினக்கூலி என்றால் அன்றைய வேலை முடியும்போதே. வாரக்கூலி என்றால் வார விடுமுறைக்கு முந்திய வேலை நாளில். திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை மாலைக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாதச் சம்பளம் என்றால் அடுத்த மாதம் ஏழாம் தேதி கழிவதற்குள். முன்பு ஆயிரம் பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ வேலை செய்யும் ஸ்தாபனங்களுக்குப் பத்தாம் தேதி வரையில் அவகாசம் இருந்தது. இப்போது பெரிய முதலாளிக்கும் சிறிய முதலாளிக்கும் ஒரே கெடு. சம்பளக் காலம் எதுவானாலும் ஒரு மாதத்திற்கு மேற்படக் கூடாது என்பதும் விதி. சாதாரணமாகத் தோன்றும் இந்த விதிக்கு எவ்வளவு வலிமை உண்டென்பதை மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் நடந்த காரியம் தெரிவிக்கும். கல்யாணச் செலவுக்கு உதவும் என்று ஆசை காட்டி, ஏழைக் குடும்பத்துப் பெண்களை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் விடுதியில் தங்க வைத்து வேலை வாங்கி, மாதாமாதம் கைச்செலவுக்குச் சிறு தொகை தந்து, மீதியை முடிவில் மொத்தமாகத் தருவதாகச் சொல்வார்கள். இடையில் உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்பியவளுக்கு அந்த மொத்தத் தொகை கிடைக்காமலே போவதுண்டு. மங்கலமான பெயரை நீக்கிவிட்டுப் பார்த்தால், மாதாமாதம் தீர்க்க வேண்டிய கடனை மூன்று வருஷம் நிறுத்திவைத்து, அதையே பெண்ணைக் கட்டிப்போடும் கயிறாக்கிய ஏற்பாடுதான் அது.

வேலையிலிருந்து நீக்கப்பட்டவருக்கும், ஆட்குறைப்பில் போனவருக்கும், தாமே ராஜினாமாச் செய்தவருக்கும்கூட, சேர வேண்டிய சம்பளத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தீர்த்துவிட வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறை எப்படியென்று நமக்குத் தெரியும். ‘செட்டில்மெண்டு ஆகவில்லை, அடுத்த மாதம் வாருங்கள்’ என்ற பதிலைக் கேட்டுக் கேட்டு, பஸ் கட்டணம் போதும் போதுமென்றாகி, பாக்கியைக் கைகழுவிவிட்டவர்கள் எத்தனையோ பேர். வேலையை விட்டுப் போகிறவனிடம் மேலாளருக்கு இருக்கும் கோபம் அவனுடைய கூலியின்மீது தீர்த்துக்கொள்ளப்படுகிறது என்பதைத் தவிர, அந்தத் தாமதத்திற்கு வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை.

எந்த உருவத்தில் கொடுப்பது என்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாணயம், நோட்டு, காசோலை, வங்கிக் கணக்கு இவற்றில் எதன் மூலமாகவும் கொடுக்கலாம். அரிசியாகவோ, கூப்பனாகவோ, தன் கடைச் சரக்காகவோ கொடுத்துவிட்டுச் சம்பளம் தீர்ந்தது என்று சொல்ல முடியாது.

உண்மையான வியாஜ்யமெல்லாம் பிடித்தங்களில்தான் இருக்கிறது. இந்த விஷயத்தில் சட்டம் எழுதப்பட்டிருக்கும் முறையையே கவனிக்க வேண்டும். ‘இன்னின்னவற்றைப் பிடிக்கக் கூடாது’ என்று அது சொல்லவில்லை. ‘எதையுமே பிடிக்கக் கூடாது’ என்று முதலில் சொல்லிவிட்டு, விலக்காகச் சிலவற்றை மாத்திரம் அனுமதிக்கிறது. வராத நாளுக்குரிய கூலி, வாங்கிய முன்பணம், கடன், வருமான வரி, சேமநல நிதி, கூட்டுறவுச் சங்கத் தவணை, கோர்ட்டு உத்தரவு, முதலாளி கொடுத்திருக்கும் வீட்டின் வாடகை, இவைபோன்ற சில இனங்களே அந்தப் பட்டியல். அதில் இல்லாத ஒன்றைப் பிடித்தால், அது ஒரு ரூபாயானாலும் சட்டவிரோதம். பட்டியலில் உள்ளவை எல்லாமே சேர்ந்து வந்தாலும், ஒரு சம்பளக் காலத்தில் பாதிக்கு மேல் பிடிக்க முடியாது; 15,000 ரூபாய் சம்பளக்காரருக்கு எவ்வளவு கடன் இருந்தாலும் 7,500 ரூபாயாவது அந்த மாதம் கைக்குப் போயாக வேண்டும்.

வராத நாளுக்குக் கழிப்பதிலும் கணக்கு உண்டு. வராத காலத்தின் விகிதத்திற்கு மேல் ஒரு காசும் கழிக்கலாகாது. ஒரு நாளுக்கு ஒரு நாள்தான். ஆயினும் இங்கே ஒரு விசித்திரமான விதிவிலக்கு 1936-இலிருந்து இன்றுவரை தொடர்ந்து வருகிறது. பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ ஒன்றுகூடி, ஒப்பந்தப்படி கொடுக்க வேண்டிய முன்னறிவிப்பும் கொடுக்காமல், தகுந்த காரணமுமில்லாமல் வேலைக்கு வராதிருந்தால், எட்டு நாள் சம்பளம் வரையில் கழிக்க இடமுண்டு. தனியாக வராதவனுக்கு ஒரு நியாயம், சேர்ந்து வராதவர்களுக்கு வேறு நியாயம் என்று அன்னிய ஆட்சி வகுத்ததை, சுதந்திர நாட்டின் புதிய தொகுப்பும் அப்படியே ஏற்றுக்கொண்டது எனக்கு உவப்பாக இல்லை.

அபராதத்தின் கதை இன்னும் சுவாரஸ்யமானது. எந்தெந்தக் குற்றங்களுக்கு அபராதம் என்பதை அரசாங்கத்தின் அனுமதி பெற்று முன்கூட்டியே நோட்டீஸாக வேலை நடக்கும் இடத்தில் ஒட்டிவைத்திருக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் தம் சமாதானத்தைச் சொல்லச் சந்தர்ப்பம் தர வேண்டும். தொகை அந்தச் சம்பளக் காலத்து ஊதியத்தில் மூன்று சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மேலே சொன்ன 15,000 ரூபாய்க்காரருக்கு 450 ரூபாயே உச்சம். தவணை முறையில் வசூலிக்கக் கூடாது. 90 நாள் கழிந்தால் வசூலிக்கவே கூடாது. பதினைந்து வயதுக்கு உட்பட்டவருக்கு விதிக்கவே கூடாது. இவ்வளவும் ஆன பிறகு, வசூலான பணம் முதலாளியின் கல்லாவில் சேர்வதில்லை. தனிப் பதிவேட்டில் எழுதிவைத்துத் தொழிலாளர்களின் நன்மைக்கே அதைச் செலவிட வேண்டும். தண்டிப்பவருக்குத் தண்டனையால் லாபம் இருக்கக் கூடாது என்ற தெளிவு இந்த விதியில் இருக்கிறது. பத்து நிமிஷம் தாமதமாக வந்த பெண்ணுக்கு அரை நாள் சம்பளத்தைக் கழித்து, அதைக் கணக்கில் காட்டாமல் விழுங்கிவிடுகிற கடைக்காரருக்கு இந்த விதியைப் படித்துக் காட்டினால், தம்மைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்களோ என்று அவருக்கே சந்தேகம் தோன்றும்.

பெரிய ஜவுளிக்கடைகளில் நடக்கும் இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். வருஷ முடிவில் சரக்கிருப்பை எடுத்துப் பார்க்கும்போது இருபது புடவை குறைகிறது. யார் பொறுப்பில் குறைந்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. உடனே அந்த மாடியில் நின்று வியாபாரம் செய்யும் எல்லாப் பெண்களின் சம்பளத்திலும் ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு போட்டு விடுகிறார்கள். சட்டப்படி நஷ்டத்திற்காகப் பிடிக்க வேண்டுமானால், அந்தப் பொருள் அந்தக் குறிப்பிட்ட நபரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். அவருடைய கவனக்குறைவு அல்லது தவறே நஷ்டத்திற்கு நேர்க் காரணமாக இருக்க வேண்டும். அவர் பதில் சொல்ல வாய்ப்புத் தந்திருக்க வேண்டும். நஷ்டத்தின் மதிப்புக்கு மேல் பிடிக்கவும் கூடாது. கூட்டாகக் குற்றம் சுமத்திக் கூட்டாக வசூலிப்பதற்கு இந்த நான்கு நிபந்தனைகளில் எதிலும் இடமில்லை.

ஊதியம் என்றால் எது என்பதிலேயே ஒரு தந்திரம் இத்தனை காலம் நடந்துவந்தது. மாதம் 20,000 ரூபாய் கொடுக்கும் ஸ்தாபனம், அடிப்படைச் சம்பளம் 6,000 என்றும், மீதி 14,000-ஐ வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி என்றும் பலவாறாகப் பிரித்துக் காட்டும். சேமநல நிதிக்கும் பணிக்கொடைக்கும் அடிப்படைச் சம்பளத்தையே கணக்கில் எடுப்பார்கள் ஆகையால், அதைக் குறைத்துக் காட்டக் காட்ட முதலாளியின் பொறுப்பும் குறையும். புதிய தொகுப்பு இந்தப் படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பங்கை ஊதியத்தோடு சேர்த்துவிட வேண்டும் என்கிறது. நம் உதாரணத்தில் 14,000-இல் 10,000 மட்டுமே படியாக நிற்கும். மீதி 4,000 அடிப்படையோடு சேர்ந்து ஊதியம் 10,000 ஆகிவிடும். மாதம் கைக்கு வருவது சிறிது குறையக்கூடும் என்று சிலர் முகம் சுளிப்பதும் எனக்குத் தெரியும். வேலையை விட்டுப் போகும் நாளில் பணிக்கொடையைக் கணக்கிடும்போது அவர்கள் அபிப்பிராயம் மாறக்கூடும்.

எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற கேள்விக்குச் சட்டம் சொல்லும் விடை குறைந்தபட்சக் கூலி. அதற்கு அளவுகோல் 1957-இல் கூடிய பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் வகுக்கப்பட்டது. உழைப்பவர் ஒருவர், குடும்பத்தின் தேவை மூன்று பேர் அளவு, ஆள் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு, குடும்பத்திற்கு வருஷத்திற்கு 72 கஜம் துணி, வீட்டு வாடகை, இவற்றோடு விறகு விளக்கு முதலிய செலவுக்கு இருபது சதவீதம் என்று அந்த மாநாடு கணக்கிட்டது. உணவின் அளவுக்கு டாக்டர் அய்க்ராய்டு என்ற நிபுணரின் ஆராய்ச்சி ஆதாரமாயிற்று. நம் நீலகிரியில், குன்னூரிலிருந்த போஷாக்கு ஆராய்ச்சி நிலையத்தின் தலைவராக இருந்தவர் அவர். ஒரு மனிதன் பிழைத்திருக்க என்ன வேண்டும் என்பதைத் தராசில் நிறுத்துப் பார்த்த இந்தக் கணக்குக்குக் கீழே கூலியைக் கொண்டுபோகக் கூடாது. ‘எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை’ என்ற சாக்கும் செல்லாது. குறைந்தபட்சக் கூலியைத் தர இயலாத தொழிலுக்கு நடப்பதற்கே உரிமை இல்லை என்று சுப்ரீம் கோர்ட்டு கிரவுன் அலுமினியம் வழக்கில் சொல்லிவிட்டது.

இதைவிட ஆழமான தீர்ப்பு 1982-இல் வந்தது. டில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக மேம்பாலங்களும் மைதானங்களும் அவசரம் அவசரமாகக் கட்டப்பட்டுக்கொண்டிருந்தன. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், ஒரிசா முதலிய இடங்களிலிருந்து வந்த கூலிகளுக்கு நாள் ஒன்றுக்கு 9 ரூபாய் 25 காசு குறைந்தபட்சக் கூலி. காண்டிராக்டர் அந்தத் தொகையை மேஸ்திரியிடம் கொடுப்பார். மேஸ்திரி தலைக்கு ஒரு ரூபாய் கமிஷன் எடுத்துக்கொண்டு 8 ரூபாய் 25 காசு தருவார். மக்கள் ஜனநாயக உரிமைச் சங்கம் நீதிபதி பகவதிக்கு எழுதிய ஒரு கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. பசியினால் வேறு வழியின்றிக் குறைந்த கூலிக்கு இசைகிறவனும் நிர்ப்பந்தத்துக்கு உட்பட்டவனே; ஆகவே குறைந்தபட்சக் கூலிக்குக் குறைத்துக் கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சாசனத்தின் 23-ஆம் ஷரத்து தடுத்திருக்கும் கட்டாய உழைப்பாகும் என்று கோர்ட்டு தீர்ப்பளித்தது. அந்த ஒரு ரூபாய் கமிஷன், அடிமைத்தனத்தின் இலக்கணத்தையே திருத்தி எழுத வைத்துவிட்டது. மறு வருஷம், ராஜஸ்தானில் பஞ்ச நிவாரணச் சாலை வேலைக்கும் இதே நியாயத்தைக் கோர்ட்டு விரித்தது. பஞ்சத்தில் உதவி செய்கிறோம் என்ற பெயரில் சர்க்காரே கூலியைக் குறைப்பதும் கூடாதென்றாயிற்று.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரே தன்மையான வேலைக்கு ஆணுக்கொரு கூலி பெண்ணுக்கொரு கூலி என்று பிரிக்கலாகாது. நம் கிராமத்து வயல்களில் இந்த வித்தியாசம் இன்னும் மறையவில்லை. நேரத்திற்கு மேல் வாங்கும் வேலைக்கு இரு மடங்கு ஊதியம். தகுதியுள்ளவர்களுக்குப் போனஸ் குறைந்தபட்சம் 8.33 சதவீதம், கணக்கு வருஷம் முடிந்து எட்டு மாதத்திற்குள். தீபாவளி இனாம் என்று அதற்குப் பெயர் சூட்டிக்கொள்வது முதலாளியின் பெருந்தன்மையைக் காட்டலாம், சட்டத்தை மாற்றாது. காண்டிராக்டர் சம்பளம் தராமல் போய்விட்டால், வேலை நடந்த ஸ்தாபனத்தின் சொந்தக்காரர் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. தொழிலாளி இறந்துவிட்டால், அவருடைய பாக்கி அவர் குறிப்பிட்ட வாரிசுக்குச் சேர வேண்டும். அப்படி யாரையும் குறிப்பிடவில்லையென்றால் முதலாளி அதை அதிகாரியிடம் கட்ட வேண்டுமே தவிர, தாமே வைத்துக்கொள்ளலாகாது.

இவ்வளவுக்கும் சாட்சி காகிதம். வருகைப் பதிவேடு, சம்பளப் பதிவேடு, தொழிலாளி கையில் சம்பளச் சீட்டு இவை மூன்றும் இருந்தாக வேண்டும். பதிவேட்டில் பெரிய தொகையை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, குறைவான தொகையைக் கையில் தரும் பழக்கம் எங்கும் உண்டு. ‘எனக்கு இனி எந்தப் பாக்கியும் இல்லை’ என்று முன்பே எழுதி வாங்கிவைப்பதும் உண்டு. உரிய ஊதியத்தை விட்டுக்கொடுப்பதாகச் செய்துகொள்ளும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்பது சட்டம். பாக்கி கேட்டு மனுப் போட்டால், கொடுத்தாயிற்று என்று ருசுப்படுத்தும் பாரம் முதலாளியின்மீதே விழும். கொடுக்கவில்லை என்று ருசுப்படுத்தத் தொழிலாளி சிரமப்பட வேண்டியதில்லை.

உரிய தொகைக்குக் குறைத்துக் கொடுத்தவருக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். ஐந்து வருஷத்திற்குள் மறுபடியும் அதே குற்றம் செய்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முதல் குற்றத்திற்குச் சிறையில்லை என்பதைத் தளர்ச்சி என்று சொல்பவர்களோடு நான் உடன்படுகிறேன். நூறு பேருக்குக் குறைத்துக் கொடுத்து மிச்சம் பிடிக்கும் ஸ்தாபனத்திற்கு 50,000 ரூபாய் ஒரு மாதத்து லாபமாகவும் இராது. தொழிலாளிக்குப் பயனுள்ள வழி வேறொன்று. தொழிலாளர் துறையில் இதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரி, நியாயமான பாக்கியோடு, அந்தத் தொகையின் பத்து மடங்கு வரை நஷ்டஈடும் தரும்படி உத்தரவிடலாம். பழைய சட்டத்தில் பன்னிரண்டு மாதமாக இருந்த மனுவின் கெடு இப்போது மூன்று வருஷம். தொழிலாளி தாமே மனுப் போடலாம். அவர் அங்கத்தினராயுள்ள தொழிற்சங்கம் போடலாம். துறையின் ஆய்வாளரும் அவருக்காகப் போடலாம். முதலாளியின் முகத்துக்கு நேரே தம் பெயரைப் போட்டு எழுதப் பயப்படுகிறவர்கள் இந்த மூன்றாவது வழியை அறிந்து வைத்திருப்பது நல்லது.